34 இன்ச் அல்ட்ராவைடும் 27 இன்ச் கேமிங் மானிட்டரும்: ஒரே வீட்டில் இரண்டு மாதம்

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைனிங். மதுரை திருநகரில் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை, அதில் சிஸ்டம், ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே சிஸ்டத்தில் கொஞ்சம் கேம். ஆடி, புரட்டாசி, மார்கழி இந்த மூன்றும்தான் எங்கள் ஆட்கள் மூச்சுவிடும் மாதங்கள். போன புரட்டாசியில், ஆவணி முகூர்த்தங்களில் வந்த காசு கொஞ்சம் கையில் நின்றபோது, எட்டு வருடமாக ஓட்டிய 24 இன்ச் மானிட்டரை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். கீழ்வீட்டில் அண்ணன் மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு, வாலரண்ட் என்ற துப்பாக்கி கேம் பைத்தியம், அவனும் அதே நேரத்தில் புது மானிட்டர் கேட்டு எங்கள் அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தான். "சித்தப்பா, அகலமா வாங்கி என்ன பண்ணப் போறீங்க, டிவியா பார்க்கப் போறீங்க? 180 ஹெர்ட்ஸ் வாங்குங்க" என்று எனக்கே வகுப்பெடுத்தான். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் என்ற கணக்கு. கடைசியில் அவன் கேமிங் மானிட்டர் எடுத்தான், நான் அல்ட்ராவைடு, அதாவது சாதாரணத்தைவிட அகலம் கூடிய மானிட்டர் எடுத்தேன், நடுவில் இரண்டு வாரம் மாற்றிப் போட்டும் பார்த்தோம்.

மாடல் பெயர் எழுதப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்த மாடல் கடையில் இருக்காது, அதே பேனல் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும். என்னுடையது 34 இன்ச், 3440க்கு 1440 பிக்ஸல், வளைந்த விஏ பேனல், 165 ஹெர்ட்ஸ். அவனுடையது 27 இன்ச், 2560க்கு 1440, தட்டையான ஐபிஎஸ் பேனல், 180 ஹெர்ட்ஸ். விஏ, ஐபிஎஸ் என்பவை பேனலின் வகைகள், வித்தியாசத்தைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு 31,000 ஆனது, அவனுக்கு 19,500. இரண்டையும் ஓட்டுவது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுதான், அவன் சிஸ்டத்திலும் அதே.

விலையில் ஒரு விஷயம். 32 இன்ச் வரைக்குமான கம்ப்யூட்டர் மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28 சதவீதம் என்றுதான் இருந்தது. 34 இன்ச் அல்ட்ராவைடு அந்த இரண்டு இன்ச் வித்தியாசத்தில் போய் 28ல் மாட்டிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 என்று ஆகிவிட்டது. வரி இல்லாமல் 25,000 ரூபாய் என்றால் முன்பு 32,000, இப்போது 29,500. அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்காகவே நான் பத்து நாள் காத்திருந்தேன், கடைக்காரர் ஒருவர் பழைய ஸ்டாக் என்று சொல்லிப் பழைய விலையையே சொன்னார், எழுந்து வந்துவிட்டேன்.

டவுன்ஹால் ரோடு, பைபாஸ் ரோடு என்று ஏறி இறங்கியதில் தெரிந்தது இதுதான்: 24, 27 இன்ச் மானிட்டர்களை எரியவிட்டு வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம், ஆனால் அல்ட்ராவைடை நான் போன எந்தக் கடையிலும் பார்வைக்கு வைக்கவில்லை. ஆர்டர் போட்டால் மூன்று நாளில் வரும் என்பார்கள். 31,000 ரூபாய் பொருளைப் பார்க்காமலே வாங்குவது எனக்கு ஒப்பவில்லை, வேறு வழியும் இல்லை. அதனால் பணம் கட்டும் முன்பே ஒன்று பேசிக்கொண்டேன், கடையிலேயே பிரித்து, ஒருமுறை எரியவிட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்கப் போட்டுக் காட்ட வேண்டும், செத்த பிக்ஸல் இருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும் என்று. முகத்தைச் சுளித்தாலும் செய்து கொடுத்தார்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது தனிக் கதை. தீபாவளிக் கூட்டம், ஆட்டோ ஒன்றும் அந்தப் பக்கம் நுழையவில்லை. என் வண்டியில் அண்ணன் மகன் பின்னால் உட்கார்ந்து, மூன்றடிக்கு மேல் நீளமான பெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொள்ள, பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பாதி மதுரை எங்களைத் திட்டிவிட்டது. பழங்காநத்தம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர், "என்னப்பா, யார் வீட்டுக் கதவைக் கழட்டிட்டு வர்றீங்க?" என்றார். கார் இல்லாதவர்கள் டெலிவரியைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 34 என்றதும் 27ஐ விட எல்லாப் பக்கமும் பெரியது என்று நினைத்துவிட வேண்டாம். உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, 13 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். அகலம்தான் 23½ இன்ச்சுக்குப் பதில் 31 இன்ச். எழுத்தின் அளவும் கூர்மையும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. 27 இன்ச் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு திண்ணை கட்டிய மாதிரி, அவ்வளவுதான். இதே கணக்கில் 29 இன்ச் அல்ட்ராவைடு என்று மலிவாக விற்கிறார்களே, அதன் உயரம் சாதாரண 23 இன்ச் மானிட்டரின் உயரம்தான், மேலிருந்து கீழ் பிக்ஸலும் 1080தான். 24லிருந்து அதற்குப் போனால் அகலம் கூடும், உயரம் குறையும். அதை மட்டும் வாங்காதீர்கள்.

அந்தத் திண்ணை எனக்கு எதற்கு என்றால், ஆல்பத்துக்கு. இப்போது கல்யாண ஆல்பம் பெரும்பாலும் 12க்கு 36 இன்ச் ஷீட். அதாவது ஒன்றுக்கு மூன்று. 27 இன்ச்சில் ஒரு ஷீட்டைக் குறுக்கே முழுசாகத் திறந்தால் 2560க்கு 853 பிக்ஸலில் நிற்கும், மேலும் கீழும் வெட்டியாக இடம் கிடக்கும், முகத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு தடவையும் ஜூம் செய்ய வேண்டும். அல்ட்ராவைடில் அதே ஷீட் 3440க்கு 1147. மிச்சம் இருக்கிற முந்நூறு பிக்ஸல் உயரத்தில் போட்டோ வரிசை உட்கார்ந்துகொள்கிறது. தாலி கட்டும் ஷீட்டில் பின்வரிசையில் நிற்கும் பெரியம்மா கண்ணை மூடியிருக்கிறாரா என்பது ஜூம் போடாமலே தெரிந்தது, அன்றைக்கே எனக்கு 31,000 பற்றிய வருத்தம் போய்விட்டது. வீடியோ டைம்லைனிலும் அப்படித்தான், மூன்று கேமரா முகூர்த்தத்தில் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து அட்சதை வரைக்கும் ஒரே பார்வையில் கிடக்கிறது.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது அந்த ஹெர்ட்ஸ் கதைக்கு வருவோம். அண்ணன் மகன் மானிட்டரை மாட்டிய முதல் வாரம் முழுக்க "வெண்ணெய் மாதிரி வழுக்குது சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் சந்தேகத்தில் நான் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பார்த்தால் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது! 180 என்று மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இதை அவன் மானத்தை வாங்க எழுதவில்லை, வாங்குகிற பலரும் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள், மாட்டியதும் முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் மாற்றிய பிறகு வித்தியாசம் நிஜம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144ல் 6.9, 180ல் 5.6, 240ல் 4.2. கணக்கைப் பார்த்தாலே புரியும், 60லிருந்து 144க்குப் போவதுதான் பெரிய தாவல், கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் குறைகிறது. 144லிருந்து 240க்குப் போனால் மூன்றுகூடக் குறையவில்லை. கடையில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஆறாயிரம் கூடுதலாகக் கேட்டார்கள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதைவிட முக்கியம், மானிட்டர் 180 காட்டத் தயாராக இருந்தாலும் கார்டு அத்தனை ஃப்ரேமை அனுப்ப வேண்டுமே. வாலரண்ட் லேசான கேம், 3060 தாராளமாக அனுப்புகிறது. சைபர்பங்க் 2077 மாதிரி ஒன்றைப் போட்டால் 27லேயே 60, 70 என்று முக்குகிறது, அங்கே 180 என்பது பெட்டியில் அச்சடித்த எண் மட்டும்தான். என் அல்ட்ராவைடில் இன்னும் மோசம். 36.9 லட்சம் பிக்ஸலுக்குப் பதில் 49.5 லட்சம், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை, ஃப்ரேம் நாலில் ஒரு பங்கு வரைக்கும் விழுகிறது. கார்டு பழசாக இருந்தால் அல்ட்ராவைடு வாங்கும்போது கார்டு செலவையும் மனதில் வையுங்கள்.

மாற்றிப் போட்ட இரண்டு வாரத்தில் அவன் நாலாவது நாளே புகாரோடு ஓடி வந்துவிட்டான். வாலரண்ட் அல்ட்ராவைடை ஏற்பதே இல்லை, ஒருவருக்கு மட்டும் பக்கவாட்டுப் பார்வை கூடினால் போட்டி நியாயமாக இருக்காது என்று, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு நடுவில் 27 இன்ச் அளவுக்குத்தான் காட்டும். எல்டன் ரிங்கும் அப்படியே, போதாக்குறைக்கு அது 60 ஃப்ரேமைத் தாண்டாது. ஜிடிஏ 5 அகலத்துக்கு நன்றாகவே விரிகிறது, நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போது ஓரங்கள் கண்ணின் இரண்டு பக்கமும் ஓடுகிற சுகமே தனி. அதற்காக மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மாடிக்கு வருகிறான். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் அல்ட்ராவைடு பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம், அது அல்ட்ராவைடின் 21க்கு 9 என்ற அகல, உயர விகிதத்தைக் காட்டாது.

அவனுக்குப் பிடிக்காத இன்னொன்று விஏ பேனலின் இழுவை. இருட்டான காட்சியில் ஏதாவது வேகமாக நகர்ந்தால் பின்னால் கரியைத் தேய்த்த மாதிரி ஒரு தடம். துப்பாக்கி கேமில் அது தொல்லைதான், ஐபிஎஸ்ஸில் இந்த அளவுக்கு இல்லை. எல்சிடி பேனல் குளிரில் இன்னும் மந்தமாகும், அந்தக் கவலை மட்டும் மதுரையில் நமக்கு இல்லை. பதிலுக்கு விஏ கறுப்பு நல்ல கறுப்பு. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு ரிசப்ஷன் காட்சி பார்த்தால், அவன் மானிட்டரின் மூலைகளில் சாம்பல் வெளிச்சம் கசியும், இதில் கசியாது.

எனக்குத் தற்செயலாகக் கிடைத்த நன்மை ஒன்று. பெட்டியில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் இருந்தது, மானிட்டரின் எச்டிஎம்ஐ முழு அகலத்துக்கு 100 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை, 165 வேண்டுமென்றால் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் தனியாக வாங்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மண்டப லைட் மினுங்காமல் இருக்க நாங்கள் 25 அல்லது 50 ஃப்ரேமில்தான் எடுப்போம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சரியாக வகுபடாது, கேமரா மெல்லத் திரும்பும்போது லேசாகத் தட்டும், எட்டு வருடமாக அதை என் கேமராமேன் மேல் பழி போட்டிருக்கிறேன். 100ல் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக நாலு தடவை, தட்டல் போயே போய்விட்டது. அப்புறம் டிஸ்ப்ளே போர்ட் கேபிளும் வாங்கிவிட்டேன், ஆனால் பகலில் இன்றைக்கும் 100தான், கேமுக்கு மட்டும் 165.

குறை சொல்லாமல் விட முடியாதவையும் உண்டு. வளைந்த திரையில் முதல் வாரம் மண்டபத் தூணெல்லாம் வளைந்து தெரிந்தது, பழகிவிட்டது. வண்ணம் பழகவில்லை. வாங்கியபடியே விட்டால் அரக்குப் பட்டு தீயாய் எரிகிறது, அதை நம்பித் திருத்தி அனுப்பிய முதல் ஆல்பம் அச்சடிக்கும் லேபிலிருந்து மங்கலாக வந்தது, என் காசில் இரண்டு ஷீட் திரும்பப் போட்டேன். மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண அளவுக்கு மாற்றிய பிறகு பரவாயில்லை. வண்ணம் மட்டும்தான் தொழில் என்றால் ஐபிஎஸ்தான் எடுக்க வேண்டும். யூடியூபில் சினிமா டிரெய்லர் பார்த்தால் பட்டை நாலு பக்கமும் வருகிறது, சினிமாஸ்கோப் திரையை வாங்கிவிட்டு நடுவில் தபால்தலை மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டம்மா இதில் ஆபீஸ் மீட்டிங் சேர்ந்து முழுத்திரையையும் பகிர்ந்த அன்று, எதிரில் இருந்தவர்களுக்கு எழுத்து எறும்பாகத் தெரிந்ததாம்.

மேசையையும் சொல்ல வேண்டும். என் மேசை ஆழம் இரண்டடி. ஸ்டாண்டின் கால் அதில் பாதியைத் தின்றுவிட்டது, மூக்குக்கு நேரே திரை, கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி வந்தது. தச்சரைக் கூப்பிட்டு ஆறு இன்ச் பலகை சேர்த்தேன், 1,200 ரூபாய். 27 இன்ச்காரனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அவன் ஸ்டாண்டு உயரமும் ஏறுகிறது, நெட்டுக்கும் திரும்புகிறது. என்னுடையது முன்னும் பின்னும் சாய்வதோடு சரி.

நெட்டுக்குத் திரும்புவது ஏன் முக்கியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி முகூர்த்தம் தொடங்கியதும் வந்த ஆறு பார்ட்டியில் நாலு பேர் ஆல்பத்துக்கு முன்னாடியே ரீல்ஸ் கேட்டார்கள், அது ஒன்பதுக்குப் பதினாறு, நெட்டுக்குத்தான் நிற்கும். 31 இன்ச் அகலத் திரையின் நடுவில் ஏழரை இன்ச் பட்டையாக மணப்பெண் நிற்கிறாள். காயலான்கடைக்குப் போட வைத்திருந்த பழைய 24ஐத் துடைத்து, சுவரில் நெட்டுக்கு மாட்டியிருக்கிறேன்.