ஆத்தங்குடிக் கல்லா, கியூஆர் காணொளியா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். சமச்சீர்த் தன்மை நடத்த இரண்டு வழி: புத்தகத்திலுள்ள கியூஆர் கோடு, இல்லையென்றால் வீட்டிலிருந்து தூக்கிப்போகும் ஓர் ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரைக்கல்.

2018-இல் புதிய பாடநூலோடு வந்தது கியூஆர் கோடு. திக்‌ஷா செயலியில் காட்டினால் பாடக் காணொளி திறக்கும். காசு இல்லை, எத்தனை முறையும் ஓட்டலாம். இதயம் துடிப்பதையும் செல் பிரிவதையும் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் சிக்னல் போய்த் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். என் டேட்டா தீர்வது தனிக்கதை.

கல் கனம். அதில் இருப்பதும் ஒரே பூ. ஆனால் மேசைமேல் வைத்துக் கால் சுற்று திருப்பியதும், "டீச்சர், மறுபடி அதே பூ!" என்று ஒருத்தி கத்தினாள். அப்புறம் 90 பாகையை விளக்கவே தேவைப்படவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவதையும், மேலே மணலும் சிமெண்டும் போடுவதையும், பிறகு தண்ணீரில் ஊறவைப்பதையும் சொன்னான். அவன் அப்பாவுக்குப் பட்டறையில் வேலை. காணொளி ஓடும்போது அவன் வாயே திறந்ததில்லை.

இப்போது சமச்சீருக்குக் கல்தான். அறிவியலுக்குக் காணொளி, அதுவும் முந்தின இரவே வீட்டில் பதிவிறக்கி வைத்தது.