மெஸ் எச்சில் டிரம்: கோபர் கேஸா, மக்குக் குழியா, பன்றிப் பண்ணையா?

பசுமை வளாகம் என்று ஆரம்பித்தால் நம் சேலத்துக் கல்லூரிகளில் முதலில் மரக்கன்று நடுவார்கள், அப்புறம் மொட்டை மாடியில் சோலார் பலகை வரும். இரண்டும் நல்லதுதான், போட்டோவுக்கும் எடுப்பு. மெஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிற எச்சில் டிரம்தான் யார் கண்ணிலும் படாது. விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 500 பேருக்கு 100 கிலோ. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இந்த அளவைத் தாண்டுபவர்களைத்தான் பெருமளவு கழிவு உண்டாக்குவோர் என்று வகைப்படுத்தின.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த டிரம்மை எட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் சாம்பார் சோறு. அதன்மேல் முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, பிழிந்த எலுமிச்சை மூடி, ஞாயிறென்றால் கோழி எலும்பு, நடுவில் ஒரு ஊறுகாய்ப் பாக்கெட். கோபர் கேஸ், மக்குக் குழி, பன்றிப் பண்ணை என்று எந்த வழிக்குப் போனாலும் இந்தக் கலவையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

கோபர் கேஸில், அதாவது எச்சிலைக் காற்றுப் புகாத கலனில் அடைத்து எரிவாயு எடுப்பதில், கண்ணுக்குத் தெரியும் லாபம் உண்டு. 100 கிலோ எச்சிலிலிருந்து சுமார் 8 முதல் 10 கன மீட்டர் வாயு வரும். அது ஏறக்குறைய 4 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது ஐந்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். சேலத்து வெயிலும் இதற்குத் தோது, 30 டிகிரிக்கு மேல் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தொழில்நுட்பமும் ஊருக்குப் புதிதல்ல, இந்த மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகள் சில மரவள்ளிக் கழிவுநீரிலிருந்தே வாயு எடுக்கின்றன. ஆனால் ஆலையில் அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். கல்லூரியில் இருப்பது என்எஸ்எஸ் பிள்ளைகள், மூன்று நான்கு வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள்.

கலனைக் கெடுப்பது பெரும்பாலும் சோறுதான். வெறும் சோறாக அள்ளிக் கொட்டினால் உள்ளே புளிப்பு ஏறி, எரிகிற வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். வாயு வரும், அடுப்பு பிடிக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஏப்ரல், மே விடுமுறை. இரண்டு மாதம் பட்டினி கிடந்த கலனில் ஜூனில் விடுதி திறந்த அன்றே முழு டிரம்மையும் கவிழ்த்தால் அந்த வருடம் அவ்வளவுதான். விடுமுறையிலும் யாராவது சாணமாவது கரைத்து ஊற்ற வேண்டும், திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கலன் வாங்கும்போது இதை யாரும் பேசுவதில்லை.

மக்குக் குழிக்கு இந்தத் தொல்லை இல்லை. லீவு விட்டால் அது பாட்டுக்கு மக்கிக்கொண்டிருக்கும். அதற்கு வேண்டியது சருகு, அது வளாகத்தில் கொட்டிக் கிடக்கிறது. தூங்குமூஞ்சி, வேம்பு, புங்கன் என்று உதிர்வதையெல்லாம் கூட்டிக் குவித்துக் காலையில் கொளுத்துகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் போகவில்லை. ஒரு கூடை எச்சிலுக்கு இரண்டு மூன்று கூடை சருகு போட்டு வாரம் ஒருமுறை புரட்டினால் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடு ஏறும். விடியற்காலையில் கிளறினால் ஆவி பறக்கும். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். சருகில் கஞ்சத்தனம் பண்ணினால்தான் நாற்றம், ஈ, விடுதிக் காப்பாளருக்குப் புகார். எலும்பைத் தனியாக எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தெருநாய்கள் குழியைக் கிளறும். குறை என்னவென்றால், உரத்தைக் கணக்கில் காட்டி நிர்வாகத்தை மயக்க முடியாது, சிலிண்டர் மிச்சம் என்றால் சட்டென்று புரிகிறது.

பன்றிப் பண்ணைக்காரர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போவது பல விடுதிகளில் இப்போதைய ஏற்பாடு. காசு செலவில்லை, வேலையும் இல்லை. உணவு உணவாகவே போகிறது, அந்த வகையில் மற்ற இரண்டையும்விட மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வேகவைக்காத எச்சில் வழியாகப் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும். இந்தியாவுக்குள் அது 2020-லேயே வந்துவிட்டது. எச்சிலைக் கொதிக்க வைத்துத்தான் போடுகிறார் என்று தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் மார்கழி, தை மாதங்களில் வாயு வெகுவாகக் குறையும். அங்கே விடுதி நடத்துகிறவர்கள் கோபர் கேஸ் பக்கமே போக வேண்டாம். காபித் தோட்டங்களில் காபிப் பழத்தோலை மக்க வைத்துச் செடிக்கே போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளலாம்.

கீழே, சேலத்தை ஒட்டிய கருப்பூர் மாதிரி மலையடிவார வளாகங்களுக்கு என் ஓட்டு மக்குக் குழிக்குத்தான். ஆராய்ச்சி மாணவர்கள், ஊழியர்கள் என்று வருடம் முழுக்க மெஸ் ஓடுகிறது, கலனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போட்டுவிட்டார்கள் என்றால் மட்டும் கோபர் கேஸ். எதுவானாலும் குழி வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் டிரம்மைத் தராசில் ஏற்றி, அன்றன்றைய எடையை மெஸ் வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். உப்புமா போட்ட நாளில் எடை எவ்வளவு என்று தெரிந்தாலே மெனுவில் கைவைக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும், குழியையும் சின்னதாக வெட்டலாம்.