நஞ்சு புகுந்த காற்றில்லாத் தொட்டி: ஏஎச்எல்லா, கார்பனா?

ஃபீனால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கழிவுநீர் யுஏஎஸ்பி தொட்டிக்குள் (கழிவுநீர் கீழிருந்து மேலே பாயும் காற்றில்லாத் தொட்டி) அளவுமீறிப் புகுந்தால் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் படுத்துவிடும். வாயு குறையும், அமிலம் சேரும். சரி, எதைச் சேர்ப்பது? பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் ஏஎச்எல் (அசைல் ஹோமோசெரின் லாக்டோன்) மூலக்கூறுகளையா, நுண்துளைகள் நிறைந்த கரியான ஆக்டிவேட்டட் கார்பனையா?

வேலை: ஏஎச்எல் "கூட்டம் சேர்ந்தாச்சு" என்று சேதி சொல்லிப் பசைப்பொருள் சுரக்கத் தூண்டும், அந்தப் பசை நுண்ணுயிரிகள் திரண்ட குருணைகளைப் போர்த்திக் காக்கும். கார்பன் நஞ்சையே ஈர்த்துப் பிடிக்கும். நுண்ணுயிரிகளுக்கிடையே எலக்ட்ரான் கடத்தவும் உதவும்.

செலவு: ஏஎச்எல் ஆய்வகச் சரக்கு, விலை அதிகம். கார்பன் கட்டுப்படியாகும்.

நீடிப்பு: ஏஎச்எல் மூலக்கூறின் பகுதியான லாக்டோன் வளையம் காரத்தன்மையில் உடையும், சில பாக்டீரியாக்களே அதைச் சிதைத்துவிடும் (பேச்சைக் கலைப்பவர்கள் எங்கேதான் இல்லை!). கார்பன் நிரம்பினால் மாற்ற வேண்டும்.

ஆய்வுக்கு ஏஎச்எல். ஆலைத் தொட்டியைச் சீக்கிரம் மீட்கக் கார்பன்தான். கன உலோக நஞ்சுக்கு மட்டும் அதை அவ்வளவு நம்ப வேண்டாம்.