புத்தாண்டுக்கு என்ன படிக்கலாம்: இன்னொரு ஃபிரேம்வொர்க்கா, பிரவுசரின் அடிப்படைகளா?

ஒவ்வொரு டிசம்பரிலும் கற்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுவேன்; மார்ச்சில் அந்தக் காகிதத்தைத் தேடுவேன். இந்த முறை மூன்றே வரிகள் எழுதினேன்: இன்னொரு ஃபிரேம்வொர்க் (இணையதளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் சட்டகம்), செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், பிரவுசரின் அடிப்படைகள் (அது நேரடியாகப் புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போன்றவை). முதல் இரண்டையும் அடித்துவிட்டேன்.

முதல் வேலை தேடுபவர் இங்கேயே நிறுத்திவிட்டு, பலரும் பயன்படுத்தும் ரியாக்டைப் படிக்கப் போகலாம். வேலை விளம்பரங்கள் அதைத்தான் கேட்கின்றன, அதில் வழக்கே இல்லை. நான் பேசுவது ஒன்றில் ஏற்கெனவே கை தேர்ந்து, இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுக்கலாமா என்று யோசிப்பவரிடம்.

ஒன்றைப் படிக்க எத்தனை மாதம் ஆகும் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். படித்தது செல்லாக்காசாகிவிடாமல் காப்பாற்ற எத்தனை மாதம் ஆகும் என்று பார்ப்பதில்லை. எனக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க். ஸ்கோப், டைரக்டிவ், டைஜஸ்ட் சுழற்சி என்று அதன் உள்விஷயங்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது பெயரில் பாதிதான் மிஞ்சியது. உள்ளே இருந்தது வேறொரு பொருள். பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பர் 31உடன் நின்றது. ரியாக்டுக்கு மாறி, பக்கத்தின் பகுதிகளைக் கிளாஸ் காம்போனன்ட்களாக எழுதும் நடையில் கை பழகிய நேரத்தில், 2019 பிப்ரவரியில் அவற்றை ஃபங்ஷன்களாகவே எழுத வழிசெய்யும் ஹூக்ஸ் வந்தது. பழைய நிரல் உடையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஊரே வேறு நடையில் எழுதத் தொடங்கிய பிறகு, என் நிரலை நானே தொல்பொருள் போலப் படிக்க வேண்டியதாயிற்று. வியூ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க் பக்கம் போனவர்களும் தப்பவில்லை: வியூ 2க்கான ஆதரவு 2023 இறுதியில் முடிந்தது.

இதற்கு எதிரே, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட்டை வையுங்கள். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தது. அன்று எழுதிய வரிகள் இன்றும் ஓர் எழுத்து மாறாமல் ஓடுகின்றன. பின்னால், உள்கட்டத்தை வெளிக்கட்டத்தின் கோடுகளோடு பொருத்தும் சப்கிரிட் வந்தது. தெரிந்ததன் மேல் ஓர் அடுக்கு கூடியதே தவிர, எதையும் மறக்கச் சொல்லவில்லை. பழைய பக்கங்களை உடைக்கக் கூடாது என்பதில் பிரவுசர் செய்பவர்கள் காட்டும் பிடிவாதம், படிப்பவனுக்குக் கிடைக்கும் வட்டி.

சென்ற மாதம் நடந்த ஒன்று. பக்கத்தின் மேல் மிதந்து வரும் ஒரு பெட்டிக்காக, பிறர் எழுதிய நிரல் தொகுப்பு (லைப்ரரி) ஒன்றைத் தனியாக வைத்திருந்தோம். பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் ஏதாவது முறியும். அதை எடுத்துவிட்டு, எச்டிஎம்எல்லில் உள்ள டயலாக் உறுப்பைப் போட்டு, ஷோமோடல் என்ற ஒரே அழைப்பால் திறந்தேன். எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடுகிறது. திறந்திருக்கும்போது பின்னால் உள்ள பொத்தான்களுக்கு டேப் போவதில்லை. மூடியதும் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை அப்போது இயக்கும் இடம், புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. நாங்கள் நூற்றுக்கணக்கான வரிகளில் எழுதிக் காத்துவந்தது இதைத்தான். 2022 மார்ச்சிலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. நான்தான் எட்டிப் பார்க்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதும் இதே கணக்கில் வருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்ற விதி, இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2008இல் வந்த 2.0 பதிப்பிலேயே உண்டு. 2023இல் வந்த 2.2இலும் அதே எண்தான். போதாததற்கு, 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், அங்கே விற்கும் நிறுவனங்களுக்கு இது நல்லெண்ணத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

குறை இல்லாமல் இல்லை. நான் போன நேர்காணல்கள் எதிலும் டயலாக் உறுப்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. சுயவிவரத்தில் எழுதினால் ஒரு வரிகூடத் தேறாது. சம்பள உயர்வுதான் இலக்கு என்றால், என் பேச்சைக் கேட்டு ஆண்டை வீணாக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு எனக்குச் சில மாதப் பழக்கம்தான். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேகம் உண்மை. ஆனால் சேமிப்பதற்குப் பொத்தான் கேட்டபோது, டிவ் என்ற வெறும் பெட்டி உறுப்பில் கிளிக்கைக் கட்டி, அழகாக நிறம் பூசிக் கொடுத்தது. மவுஸில் வேலை செய்தது. டேப் அதைத் தாண்டிப் போயிற்று, என்டருக்கு அசையவில்லை. பட்டன் உறுப்பு இவற்றை இலவசமாகத் தரும் என்று தெரிந்திருந்ததால் கண்ணில் பட்டது. இல்லையென்றால் அப்படியே அனுப்பியிருப்பேன். அதனால் கருவிகளைத் தள்ளிவிடவில்லை, அவற்றுக்கென்று தனியாக ஆண்டு ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி முதல் வாரத்துக்கு ஒரே வேலை வைத்திருக்கிறேன்: மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, நானே கட்டிய பதிவுப் படிவத்தை விசைப்பலகையால் மட்டும் நிரப்பிப் பார்ப்பது.