கல்லும் தாரும்: டெத் வேலிக்கு எந்த டூயல் ஸ்போர்ட் டயர்?

தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் பைக்குக்கு டயர் தேடுகிறோம். கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில், ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து ரேஸ்டிராக் வறண்ட ஏரிக்குப் போகும் வழியில் யூபஹீபி எரிமலைப் பள்ளம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு. அதற்கப்புறம் 43 கிலோமீட்டர், கூரான கல் துருத்திக்கொண்டிருக்கும் அலையலையான கப்பிப் பாதை. தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தார்தான், ஆனால் டயர் கிழிவது மீதி ஒரு பங்கில். அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. வண்டியைத் தூக்கிவர ஆள் கூப்பிட்டால், அந்தக் காசில் பல ஜோடி டயர் வாங்கிவிடலாம்.

டெத் வேலி ஒரு தேசியப் பூங்கா, இங்கே பாதையை விட்டு இறங்கி ஓட்டக் கூடாது. ரோட்டில் ஓட்டத் தகுதியுள்ள, பதிவு செய்த வண்டிதான் உள்ளே வரலாம். ஆகவே பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் டயர் பேச்சுக்கே இடமில்லை, ரோட்டில் ஓட்டத் தகுதி உண்டு என்று காட்டும் டாட் (DOT) முத்திரை உள்ளதுதான் வேண்டும். ஒப்பிட வசதியாக சுசுகி டிஆர் 650-ஐ வைத்துக்கொள்வோம்: முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், கடைசி அங்குலத்தில் ரிம்), ஸ்போக் ரிம், உள்ளே டியூப்.

தாருக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று டயர் கம்பெனிகள் போடும் 50/50, 80/20 கணக்கை இங்கே அதிகம் நம்ப வேண்டாம். அது பட்டன்களின், அதாவது டயர் மேல் துருத்தும் ரப்பர்க் கட்டிகளின், உயரத்தையும் இடைவெளியையும் வைத்துச் சொல்வது, டயரின் உடல் எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்லாது. கல் பாதையில் பஞ்சர் இரண்டு விதமாக வரும். ஒன்று, கூர்க்கல் பக்கவாட்டிலோ பட்டன்களுக்கு நடுவே ரப்பர் மெலிந்த இடத்திலோ வெட்டுவது. மற்றது, விளிம்புள்ள கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழுவது. இரண்டையும் தடுப்பவை டயரின் உடலும் உள்ளே இருக்கும் காற்றும்தான்.

இந்த அளவுகோலில் டன்லப் டி 606-ஐயும் கான்டினென்டல் டிகேசி 80-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். இரண்டும் பட்டன் டயர்தான். டி 606-இன் உடல் தடிப்பு, பக்கச்சுவர் விறைப்பு. காற்றைக் கொஞ்சம் இறக்கினாலும் ரிம்மைக் காப்பாற்றும். உதிர்ந்த கல்லில் முன்சக்கரம் போகச் சொன்ன இடத்துக்குப் போகும். தார் ரோட்டில் இரைச்சல் உண்டு, அழுத்திப் பிரேக் பிடித்தால் பட்டன்கள் நெளிவது கைப்பிடியில் தெரியும். டிகேசி 80 தார் ரோட்டில் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கும், ஈர ரோட்டிலும் பிடிமானம் குறையாது. அதன் ரப்பர் மென்மையானது, உடலும் டி 606 அளவுக்குக் கெட்டியில்லை. காட்டு மண் பாதைக்கு அருமை, கூர்க்கல்லுக்கு முதல் தேர்வு அல்ல. பின்சக்கரத்தில் இரண்டுமே சீக்கிரம் கரையும்: பொதுவாக 4,000 முதல் 6,000 கிலோமீட்டர், சூடான தாரில் மணிக்கு 110-ஐத் தாண்டி ஓட்டினால் அதுவும் வராது. ஃபர்னஸ் கிரீக்கில் 1972 ஜூலையில் தரை வெப்பம் 93.9 டிகிரி செல்சியஸ் என்று பதிவாகியிருக்கிறது. அந்த மாதிரிச் சூட்டில் சுமையோடு வேகமாகப் போனால் பட்டன் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை போவதே டயருக்கும் ஓட்டுபவருக்கும் நல்லது.

மிடாஸ் இ 07 வேறு ரகம். நடுவில் ரப்பர் கிட்டத்தட்ட தொடர்ச்சியாக இருப்பதால் பின்சக்கரத்தில் 10,000 கிலோமீட்டர் சாதாரணமாக வரும். நெடுஞ்சாலையில் ஆட்டம் இல்லை. மஞ்சள் கோடு போட்ட டக்கார் வகையில் உடல் இன்னும் விறைப்பு, கல் பாதைக்கு அதுதான் பொருத்தம். குறை மணலில்: நடுப்பட்டை தோண்டாது, சுழன்றுகொண்டே நிற்கும். முன்சக்கரத்தில் இ 07 போட்டால் உதிர்ந்த கப்பியில் திருப்பும்போது வழுக்கிக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும்.

கெண்டா கே 270 மலிவு, அதில் சந்தேகமே இல்லை. உழைப்பும் விலைக்கு மோசமில்லை. ஆனால் ரப்பர் கெட்டி என்பதால் ஈரத் தாரிலும் வழவழப்பான பாறையிலும் பிடிமானம் குறைவு. ஷின்கோ 705 தார் ரோட்டு டயர், இந்தப் பாதைக்கு வேண்டாம்.

ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழ வேண்டியதுதான். முன்டயர் இழுக்கும் வேலை செய்யாததால் மெதுவாகத்தான் தேயும். ஆகவே பிடிமானத்தை முன்னால் வாங்குங்கள், உழைப்பைப் பின்னால் வாங்குங்கள்: முன்னால் டி 606, பின்னால் இ 07 டக்கார். முன்டயரில் 7,000-க்கு மேல் பட்டன்கள் ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேயத் தொடங்கும், இரைச்சலும் நடுக்கமும் கூடும். அதனால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாற்ற வேண்டிவரும். மணல் அதிகமுள்ள மொஹாவி ரோடு போன்ற 220 கிலோமீட்டர் பாதைக்குப் போவதானால் மட்டும் பின்னாலும் டி 606 போடுங்கள். அதில் 130/90-17 வாங்கினால் பக்கச்சுவர் 108 மில்லிமீட்டரிலிருந்து 117 ஆகும். பட்டன் மட்கார்டிலோ செயினிலோ உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காற்று: தார் ரோட்டில் முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ. கல் பாதை தொடங்கும் இடத்தில் 21, 23-க்கு இறக்கலாம். மூட்டை முடிச்சு அதிகமிருந்தால் பின்னால் 25-க்குக் கீழே போகாதீர்கள். 15-க்கு இறக்குவது மணலுக்கு மட்டும், அதுவும் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இருந்தால்தான். இல்லையென்றால் டயர் ரிம்மில் நழுவி, கூடவே டியூபையும் இழுத்து வால்வைப் பிடுங்கிவிடும். விடியற்காலைக் குளிரில், வண்டி கிளம்பும் முன் அளந்துகொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரிலிருந்து 1,500 மீட்டர் உயரமுள்ள டவுன் கணவாய்க்கு ஏறினால், கேஜ் காட்டுவது இன்னும் ஏறத்தாழ இரண்டரை பிஎஸ்ஐ கூடும். அதைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டுக் காற்றை இறக்க வேண்டாம்.

டியூப் தடித்த வகையாக இருக்கட்டும், முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரே தடவிப் போடுங்கள். அப்போது டயரோடு உரசிச் சூடாகாது. ஒரே ஒரு ஸ்பேர் டியூப்தான் கொண்டுபோக முடியும் என்றால் முன்சக்கரத்தின் 21 அங்குலத்தையே எடுங்கள். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து ஓட்டலாம், 17 அங்குலத்தை முன்னால் போட முடியாது. பஞ்சர் ஒட்டும் பசை ஏற்கெனவே திறந்ததாக இருந்தால் வெயிலில் காய்ந்திருக்கும், புதிது எடுத்துச் செல்லுங்கள். காற்று நிரப்பும் சின்ன கேஸ் குப்பி ஒன்று பின்டயரை நிரப்பப் போதாது, கைப் பம்பும் வேண்டும்.

டி 606, இ 07 டக்கார் இரண்டுமே விறைப்பு என்பதால் வழியில் கழற்றுவது சிரமம். லீவர் மூன்று வேண்டும். லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயர் விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி வைத்தால்தான் இந்தப் பக்கம் தளரும். அதைச் செய்யாமல் லீவரை வலுவாக நெம்பினால் புது டியூபிலும் ஓட்டை விழும். மாட்டி முடித்ததும் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து விடுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்வது கண்ணில் படும், வேரோடு அறுவதற்குள் நிறுத்திக் காற்றடிக்கலாம்.