ஆர்எக்ஸ்-8க்கு டிரக் காயில்: மாட்டிப் பதினாலு மாதம் கழித்து

மூன்றாவது கியரில் 6,000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி இரண்டு தடவை இருமும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கும். ஒரு வாரம் போனால் 4,500-லேயே இருமும். அதற்கடுத்த வாரம் என்ஜின் லைட் மினுக்க ஆரம்பிக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஆறு வருடத்தில் நான் மூன்று தடவை பார்த்தாயிற்று. நாலாவது தடவை பார்க்கத் தெம்பில்லாமல்தான் மஸ்டா காயில்களை (பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாகம்) கழற்றிவிட்டு, அமெரிக்க ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப் டிரக்கில் வருகிற காயில் கிட்டை மாட்டினேன். மாட்டிப் பதினாலு மாதம், 7,200 மைல் ஆகிறது.

வண்டி 2005 மாடல், 231 குதிரைத்திறன், ஆறு கியர். நிற்பது இங்கிலாந்தின் கவென்ட்ரியில், வீட்டு வாசலில், திறந்தவெளியில். மழையும் பனியும் அதன் தலையில்தான். வாங்கும்போது 61,000 மைல் ஓடியிருந்தது. விலை அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம் என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

இந்த வண்டியில் மட்டும் காயில் ஏன் இப்படிச் சாகிறது? இதில் இருப்பது ரோட்டரி என்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும். அதன் கணக்கு வேறு. சாதாரண வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில் என்றால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது அது ஒரு தடவை பொறி விட்டால் போதும். ரோட்டரியில் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எரிகிறது. ஆக, காயிலுக்கு ஓய்வு சுற்றே கிடையாது. இந்த என்ஜின் 9,000 வரைக்கும் போகும். அங்கே ஒரு காயில் வினாடிக்கு 150 தடவை பொறி விட வேண்டும். அதுவும் என்ஜின் சூட்டில் வெந்துகொண்டே.

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் நாலு பிளக், நாலு காயில். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். எரியும் அறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரே பொறியில் தீ மூலைவரை போகாது. (1991-ல் லெமான் பந்தயத்தை ஜெயித்த மஸ்டா 787பி-யில் ரோட்டருக்கு மூன்று பிளக்.) பெரும்பாலான வேலை லீடிங் பிளக்குடையது. டிரெய்லிங் காயில் செத்தால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். ஆனால் எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் சூடு திரும்பி என்ஜினைத்தான் பதம் பார்க்கும். சின்ன காயிலைக் கவனிக்காமல் விட்டவர்கள் கடைசியில் என்ஜினையே பிரித்திருக்கிறார்கள்.

பீளமேட்டில் அப்பாவிடம் ஒரு யெஸ்டி பைக் இருந்தது. மிஸ்ஸிங் அடித்தால் பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "கிக்கர ஒதை கண்ணு"ம்பார். நீலமாகப் பொறி வந்தால் உயிர் இருக்கிறது, சிவப்பாக வந்தால் காயில் போச்சு. அவருக்கு அதுதான் ஸ்கேன் மெஷின். இந்த வண்டியிலும் கணக்கு அதேதான், ஆனால் வெறும் கையில் அந்த வேலை செய்யப் போனால் ஆளைத் தூக்கிப் போடும். இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சூடான என்ஜினில் பார்க்க வேண்டும். ஆறின காயில் எல்லாம் யோக்கியன் மாதிரி நடிக்கும்.

முதல் இரண்டு தடவை அசல் மஸ்டா காயில் போட்டேன். பார்ட் நம்பர் கடைசியில் 'சி' என்று முடிகிற திருத்திய வகை. குறை சொல்ல முடியாது, தேய்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டால் சரி. மூன்றாவது தடவை புத்தி கெட்டது. ஆன்லைனில் நாலும் சேர்த்து 48 பவுண்ட் என்று ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். டப்பாவில் மஸ்டா பெயர் இருந்தது, எழுத்து மட்டும் கொஞ்சம் தடிமன். நாலே மாதம். எம்40 சாலையில் லாரிகளுக்கு நடுவே மிஸ்ஸிங் அடித்துக்கொண்டு ஓரம் கட்டினேன். பணம் திரும்பக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை, பிறகு அந்தக் கடையும் இல்லை.

கிட் வாங்கும் முன் கம்ப்ரெஷன், அதாவது என்ஜின் அறைக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ரோட்டரிக்கென்று தனி மீட்டர் உண்டு, ரோட்டருக்கு மூன்று முகம் என்று ஆறு எண் கொடுக்கும். 250 ஆர்பிஎம் கணக்கில் 680 கிலோபாஸ்கல் மஸ்டா சொல்லும் கீழ் எல்லை. என்னுடையது அதற்கு மேலே, பெரிதாகப் பீற்றிக்கொள்கிற அளவுக்கு இல்லை. எல்லைக்குக் கீழே இருந்திருந்தால் இந்தக் காசை என்ஜினுக்கு எடுத்து வைத்திருப்பேன்.

சின்னப் பட்டறை ஒன்று செய்து அனுப்புகிற கிட் இது. 395 பவுண்ட். உள்ளே முதுகில் உலோகத் தகடு வைத்த டி585 என்ற அந்த டிரக் காயில் நாலு, அலுமினிய பிராக்கெட், 8.5 மில்லிமீட்டர் பிளக் வயர் நாலு, வயரிங் வெட்டாமல் மாட்ட ஒரு இணைப்பு வயர். அந்தக் கடைசி சாமானுக்கு மட்டுமே கிட் விலையில் பாதியைக் கொடுக்கலாம். டிரக் காயிலின் கனெக்டரில் நாலு பின், மஸ்டாவில் மூன்று. நாமே ஒட்டுப்போட்டால் என்றைக்காவது மழையில் பழிவாங்கும். கனெக்டர்கள் 'டிக்' என்று உட்கார்ந்தன, ரப்பர் சீல் சுத்தம். பிராக்கெட்டில் ஒரு ஓட்டை மட்டும் மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அரத்தால் ராவிச் சரிசெய்தேன். விளக்கத் தாள் படுமோசம். கருப்பு வெள்ளை நகலில் எது காயில், எது நிழல் என்றே புரியவில்லை.

காயில் மாற்ற மேலிருந்து கைபோகும், பிளக்குக்கு முன் இடது சக்கரத்தைக் கழற்றினால்தான் சுகம். பிளக்கையும் கையோடு மாற்றினேன்: லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டும் ஒன்றல்ல, மாற்றிப் போடாதீர்கள். இப்படி அறிவுரை சொல்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு, பின் ரோட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகிவிட்டேன். எல்2 (லீடிங்) போக வேண்டிய இடத்தில் டி2 (டிரெய்லிங்). செல்ஃப் போட்டதும் சைலன்சரில் டமார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகன் ஜன்னலைத் திறந்து, "அப்பா, வண்டிக்கு விக்கலா?" என்றான். கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, சரிசெய்ய இரண்டு நிமிடம்.

சரி, பலன். குதிரைத்திறன் ஒன்றும் கூடவில்லை. கூடியது என்று சொல்கிறவர்கள், செத்த காயிலோடு ஓட்டிய நாளை ஒப்பிடுகிறார்கள். 9,000-ல் ஒரு சுற்றுக்கு இருக்கும் நேரமே 6.7 மில்லிவினாடி. அதற்குள் காயில் சார்ஜ் ஏறி, பொறி விட்டு, மறுபடி ஏற வேண்டும். டிரக் காயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் முழு பலத்தையும் காட்டும், ஆனால் அதற்கு இசியு-வில் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) மாற்றம் செய்ய வேண்டும். நான் இசியு-வைத் தொடவில்லை. அப்படியும் மஸ்டா காயில் மூச்சு வாங்கிய இடத்தில் இது சாவகாசமாக நிற்கிறது.

நிஜமாகத் தெரிகிற மாற்றம் ஐடிலிங்கில். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் இருந்த அந்தச் சின்ன நடுக்கம் போய்விட்டது. பெட்ரோல் போட்டுவிட்டுச் சூட்டோடு செல்ஃப் அடித்தால் முன்பு ஆறேழு வினாடி இழுக்கும், இப்போது இரண்டு. மைலேஜ் கேலனுக்கு 18-லிருந்து 20 ஆயிற்று, இதில் புது பிளக்குக்கும் பங்கு இருக்கும். எம்ஓடி (இங்கே வருடாவருடம் வண்டிக்கு நடக்கும் தகுதிச் சோதனை) புகைப் பரிசோதனையில் முதல் தடவையே பாஸ். நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ரோட்டரியைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி உடனே அணைத்தால் பிளக் பெட்ரோலில் ஊறி, அப்புறம் கிளம்பாது. ஜனவரியில் ஒரு காலை, வீட்டுக்காரி தன் வண்டியை எடுக்க வழிவேண்டி இதைப் பத்தடி பின்னால் தள்ளி அணைத்துவிட்டு உள்ளே வந்து, "ஏங்க, உங்க மகாராணியத் தள்ளி நிறுத்திட்டேன்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. மதியம் செல்ஃப் அடித்தேன், நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

குறைகளும் உண்டு. காயில்கள் பெரிசு, பிளாஸ்டிக் என்ஜின் மூடி திரும்ப உட்காரவில்லை. அது இப்போது மாடியில் கிடக்கிறது. பானெட்டைத் திறந்தால் கம்பெனி வண்டி மாதிரி இருக்காது. அசல் நிலைக்கு மதிப்புக் கொடுக்கிறவர்கள் யோசிக்கட்டும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வருடத்துக்கு 22 பவுண்ட் ஏறியது.

ஒரு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு 395 பவுண்ட் தண்டம். 'சி' எழுத்து காயிலை நம்பகமான கடையில் வாங்கி மாட்டிவிட்டு விற்றுவிடலாம். வைத்து ஓட்டப்போகிறவர், அதிலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது 9,000-த்தைத் தொட்டுப் பார்க்கிற ரகம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒரு மார்க் விளக்கத் தாளுக்காகக் குறைத்தது.

அடுத்த மாதம் பிளக் மாற்ற வேண்டும். இந்தத் தடவை வயரைக் கழற்றும் முன்னாலேயே நாலிலும் டேப் ஒட்டி எழுதி வைத்துவிட்டேன்.