ராமேஸ்வரம் பக்கத்து வீடு: ஹோம்ஸ்டேயா, தினவாடகையா, மொத்தக் குத்தகையா?

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு அதை யாத்திரிகர்களுக்கு விடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. தாராளமாக விடலாம். ஆனால் எந்தச் சட்டம் உங்களைப் பிடிக்கும் என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்களா?

குடியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஹோம்ஸ்டேதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் வரை பதிவு செய்யலாம். வெள்ளி, தங்கம் என இரண்டு தரம் உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மதுரையில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவைத்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது.

நம் கரைக்கு இதில் இன்னொரு லாபம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடலை ஒட்டிப் புதிதாகக் கட்டுவதைக் கடுமையாகத் தடுக்கின்றன. மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை தடை. தீவுகளுக்குத் தூரக் கணக்கு வேறு. அதே விதிகள், உள்ளூர் மக்கள் தங்கள் பழைய வீட்டின் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க இடம் தருகின்றன. அதனால் மாடியில் கூடுதலாக ரெண்டு ரூம் போட்டுவிட்டு அப்புறம் பதிவுக்குப் போகாதீர்கள்.

குடியிருக்காமல் முழு வீட்டையும் தினவாடகைக்கு விட்டால், அது லாட்ஜ் நடத்துவதுபோல்தான் பார்க்கப்படும். தாசில்தாரிடம் பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, உள்ளாட்சி அனுமதி என்று அலைய வேண்டும். பலர் கோட்டைவிடுவது மின் இணைப்பில். வீட்டு இணைப்பிலேயே வியாபாரம் நடத்திப் பிடிபட்டால், மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கட்ட நேரும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் கணக்குப் போடுவார்கள். ஏசி ஓடும் வீட்டுக்கு அது பெரிய தொகை.

சின்ன அளவில் நடத்தினால் ஜிஎஸ்டியே கிடையாது என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஆண்டு மொத்த வசூல் 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, சரி. ஆனால் ஆன்லைன் தளம் வழியாக புக்கிங் வந்தால் அந்தத் தளமே வரியைக் கட்டும், விருந்தினர் தரும் தொகையில் அது சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18.

மூன்றாவது வழி, நடத்துபவர் ஒருவருக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடுவது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வருமான வரி கட்டலாம். 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் உள்வாடகைக்கு விட முடியாது. வெளியூரில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் வருகைப் பதிவேடு கட்டாயம் வையுங்கள். விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்காக நள்ளிரவில் வந்து இறங்கும் குடும்பம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்போதே பெயர், ஊர், வண்டி எண், அடையாள அட்டை நகல், கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இலங்கைக்கு இத்தனை அருகே இருக்கும் கரையில் போலீஸ் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். குத்தகைக்கு விடுகிறவர்கள், உரிமங்களும் இந்தப் பதிவேடும் நடத்துபவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, மாதா மாதம் நகல் கேட்டு வாங்குங்கள்.